மகளுக்குத் தீவில் நியமனம்



பிள்ளைக்கு நாலு வயது நிறையும் முன்பே நம் வீடுகளில் ஒரு கவலை வந்து குந்திக்கொள்கிறது. எந்தப் பாடசாலையில் சேர்ப்பது? பெயர்பெற்ற பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கு எடுக்கும்போது, பாதியளவு இடங்கள் பக்கத்தில் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு என்பது நம் நாட்டில் நீண்டகாலமாக இருந்துவரும் விதி. ஆகவே பாடசாலை மதிலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களையும், மச்சான் வீட்டு விலாசத்தில் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிகிறவர்களையும் நாம் எல்லோரும் அறிவோம். படிப்பு என்பது பிள்ளையின் தலைக்குள் இருக்கிறதா, வீட்டு விலாசத்தில் இருக்கிறதா என்று சில நேரம் சந்தேகம் வந்துவிடுகிறது.

இந்தச் சந்தேகம் எனக்கும் பல வருடங்களாக இருந்தது. என் மூத்த மகளுக்கு ஆசிரியை நியமனம் கிடைத்து, அது அனலைதீவில் என்று தெரிந்த பிறகுதான் இந்த விடயத்தை ஆற அமர யோசித்துப் பார்த்தேன். யோசித்ததையும் பார்த்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விலாசம் பார்த்துப் படிப்பு

என் சின்னம்மாவின் மகள் அமெரிக்காவில் ஒரு நகரத்துப் புறநகரில் இருக்கிறாள். புது வீடு வாங்கியபோது தொலைபேசியில் சொன்னாள்: “ராத்தா, நாங்க வீட்டைப் பார்த்து வாங்கல்ல. பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகப்போற பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் வாங்கினோம்.” வீடு சின்னது, விலை பெரியது. ஆனால் அந்த எல்லைக்குள் குடியிருந்தால்தான் அந்த உயர்நிலைப் பாடசாலையில் இடம்.

அங்கே அரசாங்கப் பாடசாலைகளைப் பெரும்பாலும் ‘பாடசாலை மாவட்டம்’ என்ற அமைப்புத்தான் நடத்துகிறது. ஒரு புறநகர் தனியாகவே ஒரு பாடசாலை மாவட்டமாக இருப்பதும் உண்டு. ஊர் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் சபை அதை நிர்வகிக்கிறது. செலவில் பெரிய பங்கு, அந்த எல்லைக்குள் உள்ள வீடு காணிகளின் மீது அறவிடும் வரியிலிருந்து வருகிறது. வசதியானவர்கள் வாழும் இடத்தில் வீட்டின் பெறுமதி கூட. அதனால் வரி கூட. அதனால் பாடசாலைக்குப் பணமும் கூட. ஏழைகள் வாழும் இடத்தில் எல்லாமே தலைகீழ்.

இதை எதிர்த்து ஒரு தகப்பன் வழக்குப் போட்டார். டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்ரோனியோ நகரின் எட்ஜ்வூட் என்ற பாடசாலை மாவட்டத்தைச் சேர்ந்த தெமெட்ரியோ ரொட்ரிகஸ் என்பவர், வேறு பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு 1968இல் நீதிமன்றம் போனார். அந்த நாளில் எட்ஜ்வூட்டில் உள்ளூர் வரியிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டொலர். அதே நகரத்தில், வசதியுள்ள அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 333 டொலர். இத்தனைக்கும் வரி வீதம் எட்ஜ்வூட்டில்தான் கூடுதல். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973இல், ஐந்து நீதியரசர்கள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம் என்ற அளவில், இந்த வேறுபாடு அரசியலமைப்புக்கு விரோதமானதல்ல என்று தீர்ப்பாகிவிட்டது.

இதைக் கேட்டபோது என் மனதில், நம் நாடு எவ்வளவோ மேல் என்று ஒரு பெருமிதம் எழுந்தது உண்மை. கன்னங்கரா அவர்களின் தலைமையிலான குழு 1943இல் அறிக்கை கொடுத்து, 1945 ஒக்டோபரிலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை நமக்கு இலவசக் கல்வி. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1980இலிருந்து இலவசப் பாடநூல், 1993இலிருந்து இலவசச் சீருடைத் துணி. வீட்டு வரிக்கும் பாடசாலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கொழும்பில் படிக்கும் பிள்ளைக்கும் அனலைதீவில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே பாடநூல், ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சைத் தாள்.

ஆனால் சகோதரிகளே, பாடநூலைப் பெட்டியில் கட்டி வள்ளத்தில் ஏற்றி அனுப்பிவிடலாம். கணக்குப் படிப்பிக்கும் ஆளை அப்படி அனுப்ப முடியாது. அந்த ஆள் தானாக வள்ளத்தில் ஏற வேண்டும்.

கடல் நடுவே ஒரு கல்வி வலயம்

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள்: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். முதல் நான்கும் தரைவழியில் போய்வரக் கூடியவை. தீவக வலயத்திலும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் பாதை உண்டு. பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் வேலணை. அங்கிருந்து இன்னொரு கடற்பாதையைத் தாண்டினால் புங்குடுதீவு. அதற்கு அப்பால் நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என்ற நாலுக்கும் கடல்தான் வழி.

அனலைதீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்தும் போகலாம், புங்குடுதீவின் மேற்கு முனையில் இருக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்தும் போகலாம். ஏறத்தாழ ஐந்து சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சிறிய தீவு அது. ஒல்லாந்தர் காலத்தில் அதற்கு ரொட்டர்டாம் என்று தங்கள் ஊர்ப் பெயரை வைத்திருந்தார்கள். பனை, புகையிலைத் தோட்டம், மீன்பிடி, ஐயனார் கோவில், நடுவே சதாசிவ மகா வித்தியாலயம். வாடைக்காலமும் சோளகக் காலமும் ஊரின் நாட்குறிப்பு மாதிரி. சோளகம் ஓங்கி வீசும் நாளில் கடல் அடிக்கும். வள்ளம் விடலாமா விடக்கூடாதா என்று துறையில் நிற்பவர்கள் முகம் பார்த்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஆசிரியர் வராவிட்டால் அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் பிள்ளையின் கொப்பியில் அந்தப் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும்.

மின்சாரமும் அப்படித்தான். இந்தத் தீவுகளுக்குப் பெருநிலத்தின் கம்பி வரவில்லை. அந்தந்தத் தீவில் டீசல் இயந்திரம் வைத்து மின்சாரம் கொடுக்கும் ஏற்பாடு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் வெயிலையும் காற்றையும் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு, 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் 2024 மார்ச் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரவில் படிக்கிற பிள்ளைக்கும் கணினி அறைக்கும் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை.

நியமனக் கடிதம் வந்தது

மகள் கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் கணிதம் பயின்று வெளியே வந்தவள். நியமனக் கடிதம் வந்த அன்று வீட்டில் சீனி போட்ட தேத்தண்ணீர் ஆறிப்போகும் வரை யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லோரும் ஒரேயடியாகத் திறந்தார்கள்.

“குமர்ப்பிள்ளையைக் கடலுக்கங்கால அனுப்பிப்போட்டு நீ எப்படி நித்திரை கொள்ளப்போறாய்?” என்றார் என் மாமி. “எனக்குத் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறார், பேசி டவுனுக்குள்ளேயே மாத்திப்போடலாம்” என்றார் பெரிய மாமா. கலியாணம் பேசி வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்வாள், தொழுகைக்கு எங்கே இடம், ஒரு முஸ்லிம் வீடுகூட இல்லாத ஊரில் எப்படித் தனியாக இருப்பாள் என்று கேள்விக்கு மேல் கேள்வி.

இவற்றில் ஒன்றைக்கூட வீண் கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தாய்க்கு இந்தக் கேள்விகள் வராவிட்டால்தான் அதிசயம். மகள் மட்டும் ஒரே ஒரு பதில் கேள்வி கேட்டாள். “உம்மா, எல்லாரும் ஆளைப் பிடிச்சு மாத்தினா அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆர் வாறது?”

அந்தக் கேள்வி என்னைப் பல வருடம் பின்னால் கொண்டுபோனது.

எங்களுக்கு வந்த ஆசிரியர்

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகும்படி விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டதை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வடக்கு மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகப்பை சோனகதெருவில் எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருந்துவிட்டது.

புத்தளம் பக்கத்தில் ஓலைக் கொட்டில் ஒன்றில் எங்களுக்கு வகுப்பு நடந்தது. மேசை இல்லை, கதிரை இல்லை, பாய் மட்டும். ஆனால் கணக்கு வாத்தியார் இருந்தார். அவரும் எங்களைப்போல அகதிதான். நிவாரண வரிசையில் நின்று அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு, பழைய சைக்கிளில் மூன்று முகாம் தாண்டி வருவார். மழை நாளில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்ததும் உண்டு. நான் பரீட்சை எழுதித் தேறியதும், பிறகு என் மகளுக்கு நானே கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த மனிதர் வந்ததால்தான்.

அதே 1990இல், ஓகஸ்ட் மாதம் படையினர் ஊர்காவற்றுறைப் பக்கம் இறங்கிய பிறகு, தீவகத்திலிருந்தும் பெருந்தொகையான குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் போயின. எங்கள் கதையும் அவர்கள் கதையும் ஒன்றல்ல. ஆனால் பள்ளிக்கூடத்தை இழந்த பிள்ளையின் முகம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

அன்று இரவு என் கணவரிடம் சொன்னேன், “இவள் போகட்டும். போய் இருப்பதற்கு என்ன வழி என்று மட்டும் நாம் பார்ப்போம்.”

மாமிக்கு நான் இன்னொன்றும் சொன்னேன். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம், கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபராக 1948 முதல் 1961 வரை இருந்தவர், ஏழை முஸ்லிம் பிள்ளைகளுக்காகப் புலமைப்பரிசில் நிதியம் தொடங்கியவர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள். 1911இல் நம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். அவர் எங்கே படித்தார்? வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும். ஒரு முஸ்லிம் பிள்ளைக்குச் சைவ ஆசிரியர்கள் படிப்பித்தார்கள். இன்று ஒரு முஸ்லிம் ஆசிரியை சைவப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதில் என்ன புதினம்? மாமி பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மகளின் பைக்குள் ஒரு போத்தல் ஊறுகாய் இருந்தது.

தங்க ஓர் இடம்

சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருப்பதானால் இதை வைத்திருங்கள். தூரத்துப் பாடசாலையில் ஓர் ஆசிரியை நிலைப்பதும் நிலைக்காததும் அவள் இரவில் எங்கே தலை சாய்க்கிறாள் என்பதில்தான் இருக்கிறது.

நாள்தோறும் போய் வருவது என்றால், விடியுமுன் பஸ், பிறகு வள்ளம், பிறகு நடை. பாடசாலை விட்டதும் கடைசி வள்ளத்தைப் பிடிக்க ஓட்டம். மேலதிக வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்படி ஓடி ஓடி ஒரு வருடத்தில் களைத்து இடமாற்றம் கேட்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

என் மகளுக்கு நல்ல காலம். பாடசாலைக்குப் பக்கத்தில், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட ஒரு அக்கா தனியாக இருந்தார். வேறு ஒரு ஆசிரியையும் அங்கே தங்கியிருந்தார். நானும் கணவரும் முதலில் போய்ப் பார்த்தோம். கிணறு எங்கே, குளியலறைக் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா, இரவில் வெளிச்சம் இருக்கிறதா, நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதையெல்லாம் அந்த அக்கா சிரித்துக்கொண்டே காட்டினார். பிறகு சொன்னார்: “தங்கச்சி, உங்கட பிள்ளைக்கெண்டு சட்டி பானை வேறயா எடுத்து வைச்சிருக்கிறன். மீன் மட்டும்தான் எங்கட வீட்டில. வெள்ளிக்கிழமை மரக்கறி. ஓமெண்டால் விட்டிட்டுப் போங்கோ.”

ஓமென்று விட்டுவிட்டு வந்தோம். முதல் நோன்பு மாதத்தில் நான் மிகவும் கவலைப்பட்டேன். மகள் தொலைபேசியில் சொன்னாள்: அக்கா மூன்றரை மணிக்குத் தானே எழும்பிக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, “பிள்ளை, நேரமாச்சுது” என்று கதவில் தட்டுகிறாராம். வார இறுதியில் மகள் வீட்டுக்கு வரும்போது அக்கா பனங்கிழங்கு கொடுத்து அனுப்புவார். நான் இங்கிருந்து வட்டிலப்பம் அனுப்புவேன்.

பின்னேரத்தில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூடத் தொடங்கினார்கள். காசு வாங்காத மேலதிக வகுப்பு. அங்கே தங்கியிருப்பதால்தான் அது முடிந்தது.

ஒரு தாயின் கணக்கு

பரிசளிப்பு விழாவுக்கு என்னையும் வரச்சொல்லி இருந்தார்கள். அங்கே ஒரு மாணவியின் தாயைச் சந்தித்தேன். மகள் பத்தாம் தரம், கணக்கில் கெட்டிக்காரி. தகப்பன் புகையிலைத் தோட்டம். கீழே இரண்டு தம்பிமார். அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரீச்சர் இருக்கிற வரைக்கும் இவளை இஞ்சயே வைச்சிருப்பன் அம்மா. ரீச்சர் மாறிப் போனா, நாங்களும் வீட்டைப் பூட்டிப்போட்டு யாழ்ப்பாணம் போறதைத் தவிர வேற வழியில்லை” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு ஊரின் கணக்கு இருக்கிறது. ஒரு கெட்டிக்காரப் பிள்ளைக்காகக் குடும்பம் நகர்ந்தால், பாடசாலை ஒரு மாணவியை மட்டும் இழப்பதில்லை. இரண்டு தம்பிமாரும் சேர்ந்து போகிறார்கள். மூன்று பிள்ளைகள் குறைகிறார்கள். எத்தனை ஆசிரியர் என்பதைப் பிள்ளைகளின் தொகையைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைகிறார். ஆசிரியர் குறைந்தால் இன்னொரு குடும்பம் பூட்டைத் தேடுகிறது. கடைசியில், “இவ்வளவு குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தேவையா?” என்ற கேள்வி மேலிடத்தில் எழுகிறது.

அந்தப் பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க ஆசைப்படுகிறாள். இங்கேயும் நம் நாட்டு ஒழுங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஏபி என்று வகைப்படுத்திய பாடசாலைகளில்தான் உயர்தர விஞ்ஞானம், கணிதம் உண்டு. ஒன்று சி என்றால் கலையும் வர்த்தகமும். இரண்டாம் வகை என்றால் பதினோராம் தரத்துடன் முடிவு. ஆய்வுகூடமும் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் தனித்தனி ஆசிரியர்களும் சின்னத் தீவுகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே பதினேழு வயதில் ஒரு பெண்பிள்ளை வீட்டை விட்டுக் கடல் கடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இருப்பதைப் படித்துத் திருப்திப்பட வேண்டும்.

இன்னொரு விடயம். பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையிலும், 55 இடம் மாவட்ட அடிப்படையிலும், 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் கொடுக்கிறார்கள். வசதி குறைந்த இடத்துப் பிள்ளைகளுக்கும் வழி வேண்டும் என்பதுதான் மாவட்ட ஒதுக்கீட்டின் நோக்கம். ஆனால் அனலைதீவு எந்த மாவட்டம்? யாழ்ப்பாண மாவட்டம். யாழ்ப்பாண நகரத்தில் பெரிய கல்லூரியில் படித்து, பின்னேரம் மூன்று ரியூசனுக்குப் போகும் பிள்ளையும், திண்ணையில் படிக்கும் இந்தப் பிள்ளையும் ஒரே ஒதுக்கீட்டுக்குள் போட்டி போட வேண்டும். எல்லைக் கோடு மாவட்டத்தைச் சுற்றி ஓடுகிறது. நடுவிலே கிடக்கும் கடலை அது காண்பதில்லை.

அமெரிக்காவில் வரி எல்லை பிள்ளையைப் பிரிக்கிறது என்று பார்த்தோம். இங்கே பணம் பிரிக்கவில்லை. ஆசிரியர் போகும் தூரம் பிரிக்கிறது. என் சந்தேகத்துக்கு நான் கண்ட விடை இதுதான். விலாசம் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது, அந்த விலாசத்துக்கு வர நாம் மறுக்கும்போதுதான்.

முன்பு ஒரு வழி இருந்தது

இந்தத் தூரத்தை நம் முன்னோர் எண்ணிப்பார்க்காமல் இருந்தார்கள் என்றில்லை. 1940களில் மத்திய கல்லூரிகளைக் கிராமப்புறங்களில் நிறுவியபோது, அவற்றோடு விடுதிகளையும் வைத்தார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் என்று இன்று நம் பிள்ளைகளைப் பத்து வயதிலேயே படாதபாடு படுத்துகிறோமே, அந்தப் பரீட்சையின் தொடக்கமே கெட்டிக்கார ஏழைப் பிள்ளையை அப்படியான விடுதிப் பாடசாலைக்குக் கொண்டுவருவதுதான். தீவகத்தில் வேலணை மத்திய கல்லூரி அந்த வழியில் வந்தது.

இன்றும் தீர்வு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. உயர்தரம் படிக்கப் போகும் பெண்பிள்ளைகளுக்கு நம்பிக்கையான விடுதி. தீவுக்கு வரும் ஆசிரியைகளுக்கு நல்ல தண்ணீரும் பூட்டக்கூடிய கதவும் உள்ள விடுதி. இந்த இரண்டும் இருந்தால் மிச்சத்தைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். தீவகத்திலிருந்து வெளிநாடு போன பழைய மாணவர்கள் தங்கள் பாடசாலைகளை மறக்காதவர்கள். கணினி வாங்கிக் கொடுக்கிறார்கள், மண்டபம் கட்டிக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் என் தாழ்மையான வேண்டுகோள்: அடுத்த மண்டபத்துக்கு முன்பு ஓர் ஆசிரியர் விடுதியைப் பற்றி யோசியுங்கள்.

இடமாற்றமா, இன்னும் ஒரு வருடமா?

கஷ்டப் பிரதேச சேவைக் காலம் முடிந்ததும் மகள் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நிலை வந்தது. கலியாணப் பேச்சும் ஒன்று சரிவந்திருந்தது. விண்ணப்பப் படிவத்தை நானே எடுத்து வைத்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, “உம்மா, இந்த வகுப்பு அடுத்த வருடம்தான் சாதாரண தரம் எழுதுது” என்று மட்டும் சொன்னாள்.

அந்தத் தாயின் கை என் கையில் இருந்த சூடு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே பேசினேன். “உங்கள் மருமகள் இன்னும் ஒரு வருடம் தீவில் இருப்பாள். சம்மதமானால் மேற்கொண்டு பேசுவோம்” என்றேன். பேசும்போது என் தொண்டை காய்ந்துபோனது உண்மை. மாப்பிள்ளையின் உம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நானும் படிக்க ஆசைப்பட்டவள்தான். எங்கட ஊரில எட்டாம் வகுப்புக்கு மேல ரீச்சர் இல்லை” என்றார். நிக்காஹ் நடந்தது. மகள் அந்த ஒரு வருடத்தையும் அனலைதீவிலேயே முடித்தாள். அந்தப் பிள்ளை கணிதத்தில் ஏ எடுத்து, இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் உயர்தரம் படிக்கிறாள். உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறாள். தம்பிமார் இருவரும் தீவிலேயே படிக்கிறார்கள். வீட்டுக்குப் பூட்டு விழவில்லை.

ஆனால் கதை இத்தோடு நன்றாக முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போது மகள் இடமாற்றம் பெற்று இந்தப் பக்கம் வந்துவிட்டாள். அவளுடைய இடத்துக்கு இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு பெண் போக வேண்டும். அந்த வீட்டிலும் ஒரு மாமி கேட்பார், ஒரு பெரிய மாமா ஆளைத் தேடுவார்.

நமக்கும் உள்ள வேலை

இது தீவுக்கு மட்டும் உரிய கதையல்ல. 2009க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப நினைத்த நம் குடும்பங்கள் முதலில் கேட்டது, “பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்படி?” என்றுதான். பாடசாலைப் பக்கம் கேட்டால், “பிள்ளைகள் வந்தால் ஆசிரியர் கேட்கலாம்” என்பார்கள். பிள்ளை முதலா, ஆசிரியர் முதலா என்று இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருந்ததில் பல குடும்பங்கள் புத்தளத்திலேயே தங்கிவிட்டன. எங்காவது ஒருவர் முதலில் அடி வைத்தாக வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் ஊர்ப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஆண்களை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள். போனால், கட்டிடத்துக்கு வர்ணம் பூசுவதைப் பற்றிப் பேசுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? தூரத்திலிருந்து வரும் ஆசிரியைகள் எங்கே தங்குகிறார்கள்? அவர்களுக்கு நம் வீடுகளில் ஒரு அறை கொடுக்கலாமா?

உங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தூரத்தில் நியமனம் வந்தால், மாற்றித்தர ஆள் தேடுமுன் ஒரு முறை போய் அந்த ஊரைப் பாருங்கள். தங்கும் வீட்டைப் பாருங்கள், கிணற்றைப் பாருங்கள், கதவைப் பாருங்கள். பாதுகாப்பில்லை என்று பட்டால் அனுப்ப வேண்டாம். அது உங்கள் உரிமை. பாதுகாப்பாக இருந்தால், அவள் போகட்டும். அங்கே ஒரு வகுப்பில் கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, வள்ளம் வந்துவிட்டதா என்று யன்னலால் எட்டிப் பார்த்தபடி சில பிள்ளைகள் இருப்பார்கள்.